வாய் கொப்பளிப்பதற்குள் ஒரு தீர்ப்பு

குமிழூரில் பல் துலக்கும்போதே வழக்குப் போடுவார்கள். குளியலறைச் சுவரைப் பார்த்து, பக்கத்து அறைக்காரர் என் பங்கு வெயிலைத் தன் பக்கம் திருப்பிக்கொள்கிறார் என்று முணுமுணுத்தால் போதும். வாய் கொப்பளிப்பதற்குள் தீர்ப்பு வந்துவிடும். விவாகரத்து என்றால் சற்றுத் தாமதம். முகம் துடைக்கும்வரை காத்திருக்க வேண்டும்.

செவ்வாய்க் கோளில் கண்ணாடிக் குமிழிகளுக்குள் மனிதர்கள் குடியேறி மூன்று தலைமுறை ஆகியிருந்தது. குழந்தைக்குக் காது குத்தும்போதே செவிச்சில்லு ஒன்றையும் பொருத்திவிடுவார்கள். யார் எந்த மொழியில் பேசினாலும் அது அவரவர் மொழியில் கேட்கவைக்கும்; கேட்டதையெல்லாம் பதிந்தும் வைக்கும். அந்தப் பதிவுகளைப் படித்துத்தான் நீதிப்பொறி தீர்ப்புச் சொல்லும். சாட்சி வேண்டாம், வக்கீல் வேண்டாம். லஞ்சம் கொடுக்கலாம் என்றால் அதற்குச் சட்டைப் பையும் கிடையாது.

குமிழூர்க்காரர்களுக்கு இதில் பெருமைதான். அதைவிடப் பெரிய பெருமை அவர்களுடைய அரசியலமைப்பு. தமிழர், வங்காளி, பஞ்சாபி, மணிப்பூரி, சோமாலியர் என்று ஆளுக்கொரு சாமியும் ஆளுக்கொரு சமையலுமாக வந்து இறங்கியவர்கள், கூரை போட்டு முடிப்பதற்கு முன்பே உட்கார்ந்து சண்டை போட்டு எழுதியது அது. எஃகுத் தகட்டில் பொறித்து நுழைவாசலில் வைத்திருந்தார்கள். போகிறவர் வருகிறவர் எல்லோரும் கும்பிடுவார்கள். வாசிக்கிறவர் குறைவு.

எஸ்தர்க்கனி வாசித்திருந்தாள். அவளுக்கு வேறு வழியில்லை. அவளுடைய டீக்கடை அந்தத் தகட்டுக்கு நேர் எதிரே இருந்தது.

ஒருநாள் காலை, புதிய காற்றுக் குழாய் போட அந்தக் கடை இருக்கும் இடம் தேவை என்று காற்று வாரியம் மனுப் போட்டது. அவள் பால் பவுடரைக் கரைத்து முடிப்பதற்குள் தீர்ப்பு காதில் ஒலித்தது. கடையைக் காலி செய்ய வேண்டும். மாற்று இடம், தாதுக் கிடங்கின் ஓரம். இடம் பெரியதுதான், ஆள் நடமாட்டமும் அதிகம்தான். ஆனால் அங்கே நடமாடுபவை எல்லாம் இயந்திரங்கள். எண்ணெய் குடிக்கும், டீ குடிக்காது.

எஸ்தர்க்கனி கடையை விட்டு இறங்கி வந்து தகட்டை இன்னொரு முறை வாசித்தாள். ஒருவர் தரப்பைக் கேட்காமல் அவர் பிழைப்பைப் பறிக்கலாகாது என்று அதில் இருந்தது. அன்றைக்கே மனுப் போட்டாள், நீதிப்பொறியின் மீதே. அப்படி ஒரு வழக்கை அதுவரை யாரும் போட்டதில்லை. நேரில் விசாரிக்க வேண்டும் என்று அவள் பிடிவாதம் பிடித்ததால், முன்னோர் ஆசையாகக் கட்டிவைத்த நீதிமன்றக் கூடத்தைத் திறந்தார்கள். உள்ளே வெங்காய மூட்டைகள் அடுக்கியிருந்தன. அவற்றை வெளியேற்றவே அரை நாள் ஆயிற்று.

ஊரே திரண்டு வந்திருந்தது.

"உங்கள் கடையின் பதிவுகள் முழுவதையும் படித்திருக்கிறேன். நீங்கள் பேசியிருந்தாலும் தீர்ப்பு மாறியிருக்காது" என்றது நீதிப்பொறி.

"மாறாதுன்னு நான் பேசி முடிச்சப்பறம் சொல்லுங்க" என்றாள் எஸ்தர்க்கனி. "என் கடையில ஒத்த வடை வாங்குத ஆளுகூட ரெண்டு வார்த்தை பேசிட்டுத்தான் வாங்குதாரு. பேசினாலும் பேசாட்டாலும் அதே வடைதான். அதுக்காகப் பேசாம வாயில திணிச்சா ஒத்துக்கிடுவாரா? தீர்ப்பு தப்புன்னு நான் சொல்லல. என்னைய ஒரு வார்த்தை கேக்கலியே."

மூன்று தலைமுறையில் முதன்முறையாக நீதிப்பொறி ஒருவரிடம், "சொல்லுங்கள். கேட்கிறேன்" என்றது.

அவள் சாயங்காலம்வரை சொன்னாள். குமிழியில் விரிசல் விட்ட அன்று நாலு மொழிக்காரர்கள் அவள் கடைக்குள் ஒரே காற்றுக் குடுவையை மாற்றி மாற்றிச் சுவாசித்ததைச் சொன்னாள். நடுநடுவே தன் நாத்தனாரைப் பற்றியும் சொன்னாள். கடைசியில், கடை மூலையில் காலியாகவே கிடக்கும் முக்காலிக்கு வந்தாள். விரிசலை அடைக்க வெளியே போன இபோம்சா என்ற மணிப்பூரி ஓட்டுநர் உட்காரும் இடம் அது. அவர் திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து, எவ்வளவு கூட்டம் இருந்தாலும் யாரும் அதில் உட்கார்வதில்லை.

"முக்காலியைப் பற்றி என் பதிவுகளில் எதுவும் இல்லை" என்றது நீதிப்பொறி.

"யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லியே. கேட்டாத்தான சொல்லுவோம்."

நீதிப்பொறி அறிவித்தது: படிப்பது கேட்பதாகாது. குமிழூரில் இனி யாராக இருந்தாலும், அவர் வாய் திறந்து சொல்வதைக் கேட்காமல் தீர்ப்பு இல்லை. கூட்டம் எழுந்து நின்றது. அவரவர் மொழியில் பாடினார்கள். ஒரு டீக்கடைக்காரி கேட்ட கேள்விக்குச் சட்டம் எழுந்து நின்று பதில் சொல்லும் ஊரில் பிறந்தோமே என்று எல்லோருக்கும் கண் கலங்கியது. எதிலும் லாப நஷ்டம் பார்க்கும் மொத்த வியாபாரிகளுக்கே மயிர்க்கூச்செறிந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்போது காற்று வாரியத்தின் அதிகாரி நஞ்சுண்டப்பா மெதுவாகக் கையைத் தூக்கினார்.

"அப்போ எங்க தரப்பையும் கேக்கணும் இல்லையா?"

கேட்க வேண்டியதுதான் என்றது நீதிப்பொறி.

"இன்னைக்கு நான் தயாரா வரல. கொஞ்சம் அவகாசம் வேணும்."

இதற்கு என்ன செய்வதென்று நீதிப்பொறிக்குத் தெரியவில்லை. பூமியின் பழைய நீதிமன்ற ஆவணங்களைத் துழாவிப் பார்த்தது. மற்ற விஷயங்களுக்கு அங்கே முன்னுதாரணம் தேட வேண்டியிருக்கும். இதற்கு மட்டும் கொட்டிக் கிடந்தது.

"வழக்கு ஒத்திவைக்கப்படுகிறது. அதுவரை கடை இருந்த இடத்திலேயே இருக்கும்."

கைதட்டல் முன்னதைவிடப் பலமாக இருந்தது. மறுநாள், வாய் கொப்பளிப்பதற்குள் தோற்றவர்கள் எல்லோரும் தங்களையும் கேட்கச் சொல்லி வரிசையில் நின்றார்கள். ஜெயித்தவர்கள் அவகாசம் கேட்டு நின்றார்கள்.

இப்போது அந்தக் கூடத்தைச் சுற்றிக் கறுப்புக் கோட்டுகள், முத்திரை குத்துகிறவர்கள், தட்டச்சுக் கடைகள். எஸ்தர்க்கனியின் கடையில் மூலை முக்காலியைத் தவிர உட்கார இடமில்லை. குழாயை வேறு வழியாகப் போட்டு வருடக்கணக்காகிவிட்டது. வழக்கு மட்டும் நடக்கிறது. விசாரணை நாளன்று நஞ்சுண்டப்பா முதலில் அவள் கடைக்குத்தான் வருவார்.

"போன தடவ நான் வாய்தா வாங்கியாச்சு. இந்தத் தடவ உங்க முறைண்ணே" என்பாள் அவள், கண்ணாடிக் கிளாஸை நீட்டியபடி. வடைக்குக் காசு வாங்க மாட்டேன் என்று சொன்ன பிறகுதான் அவர் சம்மதிப்பார்.

நுழைவாசலில் எஃகுத் தகட்டுக்குப் பக்கத்திலேயே ஒளிரும் பலகை ஒன்று வைத்திருக்கிறார்கள். நிலுவையில் உள்ள வழக்குகளின் எண்ணிக்கை அதில் ஓடுகிறது. அது ஏற ஏறக் குமிழூர்க்காரர்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொள்கிறார்கள். பக்கத்துக் குமிழிகளிலிருந்து ஆட்கள் வந்து அண்ணாந்து பார்த்து ஏக்கப் பெருமூச்சு விட்டுப் போகிறார்கள். அங்கெல்லாம் இன்னும் அன்றன்றைக்கே தீர்ப்பு வந்துவிடுகிறது, பாவம்.