பாதை முடிந்த வரி

"மேடம், இது பச்சைக் காப்பி!"

சூர்யபிரகாஷ் இரண்டு விடைத்தாள்களைத் துறைத்தலைவர் சந்திரவல்லியின் மேசைமேல் வைத்தான். போடிக் கல்லூரியில் கணிதம் கற்பிக்க வந்து அவனுக்கு இது மூன்றாம் வருடம். ராமருக்கும் நிலாவுக்கும் பூஜ்யம் போட்டு முதல்வரிடம் அனுப்பத்தான் வேண்டும். அவனுக்குப் பிடித்த பிள்ளைகள். அதனாலேயே கோபம் கூடுதல்.

இரண்டின் வர்க்கமூலத்தைப் பின்னமாக எழுத முடியாது என்று நிறுவச் சொல்லியிருந்தான். முடியும் என்று வைத்துக்கொண்டு முரண்பாடு வரும்வரை போக வேண்டும். இருவரும் சரியாகவே போயிருந்தார்கள். ஆனால் 'முரண்பாடு' என்று எழுத வேண்டிய இடத்தில் இருவருமே, 'இங்கே பாதை முடிந்தது. கிளம்பின இடமே தப்பு' என்று எழுதியிருந்தார்கள்.

சந்திரவல்லி நிதானமாகப் படித்தார். "பின்னத்துல மேல ராமர் முழுக்க p போட்டிருக்கான். நிலா b. ஏன்?"

"மறைக்கத்தான் மேடம்."

"மறைக்கிறவ கீழ இருக்கிற q-வை மட்டும் ஏன் மாத்தாம விட்டா? 'முழு எண்'ணை 'முளு எண்'னு எழுதியிருக்கா. ராமர் சரியா எழுதியிருக்கான். கண்ணால பார்த்து எழுதினா இப்படி மாறாது சூர்யா. காதால கேட்டிருக்காங்க, அதுவும் இரைச்சல்ல. சொன்ன ஆளுக்கு மலைப்பாதை நல்லாத் தெரியும். லீவு நாள்ல இவங்க எங்க போறாங்க?"

அவனுக்குத் தெரியும். மலைமேல் ஏலத்தோட்டத்துக்குக் காயெடுக்க, ஜீப்பில்.

சனிக்கிழமை மாலை சூர்யபிரகாஷும் சந்திரவல்லியும் ஜீப் நிற்கும் இடத்தில் காத்திருந்தார்கள். ஜீப் வந்து நின்றதும் அவர்களைப் பார்த்து ராமர் பதறி இறங்கினான். "பாத்து எழுதல சார். முனீஸ்வரிதான் ஜீப்புல போக வரச் சொல்லிக்குடுத்துச்சு."

பின்னாலேயே முனீஸ்வரி இறங்கினாள். போன பருவம் வரை இவர்களோடு படித்தவள். அம்மா கால் முறிந்து படுத்ததும் அவருக்குப் பதிலாகத் தோட்டத்துக்குப் போனாள். வருகைப் பதிவேட்டில் அவள் பெயரை அடித்தவன் சூர்யபிரகாஷ்தான்.

"நீங்க போர்டுல போட்டதுதான் சார். நான் எங்க பேச்சுல சொன்னேன். தப்பா?"

"தப்பே இல்ல." என்றான் சூர்யபிரகாஷ்.

"அப்ப ஒரு சந்தேகம் சார். அதே வழியில நாலுக்கும் போய்ப் பாத்தேன். பாதை முடியவே மாட்டேங்குது. ஏன்?"

மூன்று வருடத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி. நான்கின் வர்க்கமூலம் இரண்டு. அங்கே முரண்பாடு வராது, பாதை முடியக் கூடாது. இவள் நிரூபணத்தையே சோதித்துப் பார்த்திருக்கிறாள்!

"அம்மா எப்ப எந்திரிச்சு நடப்பாங்க ஆத்தா?" என்று கேட்டார் சந்திரவல்லி.

"அடுத்த மாசம் நடந்துரும் மேடம்."

"அப்ப அடுத்த மாசமே வகுப்புக்கு வந்துரு. திரும்பச் சேர்க்கிற சோலிய நான் பாத்துக்கிறேன்."

முனீஸ்வரி தலையசைத்தாள். கண் கலங்கியிருந்தது. ஆனால் பார்வை சூர்யபிரகாஷிடமே நின்றது. அவளுக்குப் பதில் வேண்டும். ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்ததை அவன் அடக்கிக்கொண்டான்.

"ரெண்டுக்குத் தடுத்தது நாலுக்கு எந்த வரியில தடுக்கலைன்னு நீயே பாரு. அடுத்த சனிக்கிழமை இங்கயே வந்து கேக்குறேன்."

"சனிக்கிழம வரைக்கும் எதுக்கு சார்?" என்றாள் முனீஸ்வரி. "நாளைக்கே வாங்க."