கழுவிய முடிகாசு

வெள்ளாற்றின் மேற்றிசையில் மாலைக் கதிரவன் செம்பொற்குழம்பைக் கவிழ்த்துவிட்டுச் சாய்ந்துகொண்டிருக்க, கீழ்த்திசையில் பங்குனிப் பௌர்ணமி நிலா பனந்தோப்புக்கு மேலே வெளிறிய முகத்தோடு எட்டிப்பார்த்தது. இரண்டு ஒளிக்கும் நடுவே காரிக்கோட்டையின் மதில் பாதி சிவந்தும் பாதி நீலம் பாரித்தும் நின்றது. ஆற்றுக்கு அப்பால், மூன்று நாளைக்கு முன்பு வெறும் நாணற்காடாகக் கிடந்த தென்கரையில், இப்போது வெண்கூடாரங்கள் வரிசை வரிசையாக முளைத்திருந்தன. யானைகள் துறையில் இறங்கித் துதிக்கையால் நீரை வாரி இறைத்துக்கொண்டிருந்தன.

காசடிக்கும் அக்கசாலையிலிருந்து கொலுமண்டபத்துக்குப் போகிற மேல்மாடப் பாதையில் நடந்த பூதிநங்கை அந்தக் கூடாரங்களைக் கண்டு ஒரு கணம் தயங்கினாள்.

"யாருடைய படை இது?" என்று காவலனைக் கேட்டாள்.

"தாயே, என்னிடம் கேட்காதீர்கள். தங்களோடு பேசினால் என் நாக்கு எனக்கில்லை" என்றான் அவன்.

அன்பார்ந்த வாசகர்களே, விளக்கேற்றும் நேரத்தில் சபை கூடுவானேன், ஒரு பெண்ணோடு பேசினால் நாக்குப் போவானேன் என்று நீங்கள் கேட்பது நியாயம். வரிசையாகவே சொல்லிவிடுகிறேன்.

பூதிநங்கை காரிக்கோட்டையின் வண்ணக்கி. அதாவது, காசு நோட்டம் பார்த்து நல்லது கெட்டது சொல்லும் பொறுப்பில் இருப்பவள். அந்நாட்டு அரசர் முடிசூடும் நாளில் நாரை பொறித்த வெள்ளிக்காசு பதினொன்றை ஒரே அச்சில் அடித்து, அந்த அச்சை உடைத்து ஆற்றில் போட்டுவிடுவார்கள். அதற்கு முடிகாசு என்று பெயர். அரச குருதி என்று உரிமை கோரி வருகிறவர், தம் கையிலுள்ள முடிகாசை வண்ணக்கரிடம் நீட்ட வேண்டும். வண்ணக்கர் சொல்லலாகும் சொற்கள் மூன்றுதாம்: 'நன்று', 'தீது', 'அறியேன்'. நன்று என்றால் அரியணை. தீது என்றால் கழுமரம். அறியேன் என்றால், வந்தவர் உயிரோடு ஓடமேறிப் போய்விடலாம், கோட்டைக்குள் மறுபடி கால் வைக்கலாகாது. யாரும் கையூட்டுக் கொடுத்துவிடாதபடி நோட்டத்துக்கு முந்தைய மூன்று நாளும் வண்ணக்கரை அக்கசாலையில் பூட்டி வைப்பார்கள்; அவரோடு பேசுகிறவன் நாக்கு அறுபடும். நோட்டம் பார்ப்பதோ சாய்வெயிலில்தான். உச்சிவெயில் காசைப் பளபளக்க வைத்து ஏமாற்றிவிடும். சாய்ந்து விழும் வெயிலுக்குத்தான் மயிரிழைக் கீறலும் நிழல் காட்டும்.

மண்டபத்தில் முதலமைச்சர் விழுப்பரையர் எழுந்து நின்றார்.

"வண்ணக்கியாரே! கண்ணுக்கும் கைக்கும் உறவு பகை இல்லையென்று உரைகல்லைத் தொட்டு ஆணையிட்டவர் தாங்கள். முன்னிற்கும் இளங்கண்டர், மறைந்த நம் மன்னரின் மைந்தர் என்று உரிமை கோருகிறார். காசைப் பார்த்துச் சொல்லுங்கள்."

இளங்கண்டன் முன்னே வந்தான். அகன்ற தோளும் வெயிலில் காய்ந்த முகமும் ஓடக்கோல் பிடித்துக் காய்த்த உள்ளங்கையுமாக நின்றவன், அவளை நேராகப் பார்த்து, பட்டுத்துணியில் காசை வைத்தான்.

பூதிநங்கை குனிந்து பார்த்தாள்.

காசு பளிச்சென்று மின்னியது! புளியும் செங்கல்பொடியும் போட்டுத் தேய்தேய் என்று தேய்த்த வெளுப்பு. முப்பது ஆண்டுக் கருமை, அந்தக் கருமைக்குள் பத்திரமாக உறங்கிய அச்சின் கூர்மை, எல்லாம் போய், நாரை வெறும் வாத்தாக நின்றது.

ஐயோ, என்ன செய்துவிட்டார்!

ஒன்பது திங்களுக்கு முன்பு அவனை அவள் முதலில் கண்டது ஓடத்துறையில். வெள்ளம் வடிந்தபின் மணலில் அகப்படும் பழங்காசுகளைத் தேடித் திரட்டுவது அவளுக்குப் பித்து. அவன் ஒரு பிடிக் காசை நீட்டி, "நோட்டக்காரியாரே, கடைத்தெருவில் இதற்கு ஒரு கீரைக்கட்டுகூடத் தரமாட்டேன் என்கிறார்கள். செல்லாக்காசைச் சேர்க்கிறவரை இன்றுதான் பார்க்கிறேன்" என்று சிரித்தான்.

"செல்லுகிற காசை எல்லாரும்தான் சேர்க்கிறார்கள், ஓடக்காரரே. அதில் என்ன சமர்த்து?" என்று அவள் பதிலடி கொடுத்தாள்.

அன்று தொடங்கியது பாடம். காசை முகத்தில் தொடாதீர், விளிம்பில் பிடியும். வார்த்த காசின் மேல் ஊசிமுனைக் குழிகள் இருக்கும். அடித்த காசில் இரா. கல்லில் போட்டால் நல்ல வெள்ளி பாடும், ஈயம் இருமும். "எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று, பழங்காசைக் கழுவவே கழுவாதீர். கழுவிய காசுக்கு எந்த வண்ணக்கரும் 'அறியேன்' என்ற ஒரு சொல்லுக்கு மேல் சொல்ல முடியாது."

"அழுக்கைப் போக்கினால் குற்றமா?"

"அழுக்கில்லை ஐயா அது, ஆயுள்!"

ஒருநாள் அவன் கழுத்துக் கயிற்றில் தொங்கிய கறுத்த காசை அவள் விளிம்பில் பிடித்துச் சாய்வெயிலில் திருப்பினாள். நாரையின் அலகிலிருந்து விளிம்புவரை ஒரு மயிரிழை. மன்னர் முடிசூடிய அன்று அச்சில் விழுந்த வெடிப்பு. கடைசி மூன்று காசுகளில் மட்டும் உள்ளது. போர்க்காலத்தில் அரசி ஓடமேறி மறைந்தபோது எடுத்துப்போனது அவற்றுள் ஒன்று. அவனைக் கோட்டைக்கு வரச் சொன்னவளே அவள்தான். அவன் காசை மறுபடி கழுத்தில் கட்டிக்கொண்டு, "அப்பன் பெயர் தெரியாதவன் என்று துறையில் ஒருவரும் சொல்லாத நாள் ஒன்று வந்தால் போதும், பூதி. கோட்டையானாலும் ஓடமானாலும் நீ என் பக்கத்தில் இருக்க வேண்டும்" என்றான்.

இப்போது அவள் காசை வெயிலுக்குச் சாய்த்தாள். மயிரிழை இல்லை. துலாத்தட்டில் வைத்தாள்; இரண்டு குன்றிமணி குறைவு. கல்லில் போட்டாள், பாடியது. ஆனால் எந்த நல்ல வெள்ளியும்தான் பாடுமே!

சொல்ல வேண்டிய சொல் அறியேன். அவள் நினைவில் மயிரிழை இருந்தது. ஆனால் வண்ணக்கி நினைவைச் சொல்லலாகாது, கண்முன் காசு காட்டுவதையே சொல்ல வேண்டும். அறியாத்தனமாகக் கழுவிவிட்டார், அரசவைக்கு அழுக்குக் காசா என்று கூசியிருப்பார் பாவம், என்று அவள் மனம் அரற்றிற்று. அறியேன் என்றால் அவன் மறுபடி அப்பன் பெயர் தெரியாதவன். சாகும்வரை.

பதினான்கு ஆண்டில் ஒரு காசுக்கும் பொய் சொல்லாத நாக்கு அது.

"நாரையின் அலகிலிருந்து விளிம்புவரை அச்சுவெடிப்பு தெரிகிறது" என்றாள் பூதிநங்கை. "நன்று."

மண்டபம் ஆர்ப்பரித்தது. சங்குகள் முழங்கின. அந்த ஆரவாரத்தில் அவன் முகம் மட்டும் சுண்ணாம்பாக வெளுத்ததை அவள் கண்டாள்.

விழுப்பரையர் கையுயர்த்தினார். "இனி மறைக்க வேண்டுவதில்லை. தென்கரை வேந்தர் படையோடு வந்து பாசறை இறங்கியிருக்கிறார். காரிக்கோட்டை அரசர் எவராயினும் இன்றே அவர் திருமகளை மணக்க இசைந்தால் உறவு. இல்லையேல் விடியலில் போர். முந்தாநாள் இதை இளங்கண்டரிடம் தனிமையில் அறிவித்தேன். அரியணை தமக்கு உறுதியானால் இசைவதாக வாக்களித்திருக்கிறார். அரசே, வண்ணக்கியார் கையிலிருந்து முடிகாசைப் பெற்றுக்கொண்டு ஆணையிடுங்கள்."

அவன் படியேறி அவளெதிரே வந்து நின்றான். மறுபடி எழுந்த சங்கொலியில் அவர்கள் குரல் வேறெவர்க்கும் எட்டவில்லை.

"ஏன் கழுவினீர்கள்?" என்றாள், உதடு அசையாமல்.

"அறியேன் என்று நீ சொல்வாய் என்றுதான்."

அவளுக்குப் புரிந்தது.

"அரியணை மன்னர் குலத்தின் இளைய கிளைக்குப் போயிருக்கும். தென்கரை இளவரசியை அந்தக் கிளையில் முடிசூடுகிறவர் மணந்திருப்பார், போரும் நின்றிருக்கும். நான் ஓடமேறிப் போயிருப்பேன். துறையில் உனக்காகப் படகு கட்டி வைத்திருக்கிறேன், பூதி. சேதி சொல்ல வந்தேன். உன் கதவைச் சுற்றிப் பத்து வேல். சரி, காசே சொல்லட்டும் என்று விடிய விடியத் தேய்த்தேன். உலகமே பொய் சொன்னாலும் நீ சொல்லமாட்டாய் என்று நம்பினேனே!"

"உங்கள் தந்தை பெயர்..."

"உன்னைவிடவா?"

"இப்போதே சொல்லிவிடுகிறேன். பொய்யுரைத்தேன் என்று சொல்லிவிடுகிறேன்."

"பொய்யுரைத்த வண்ணக்கிக்கு என்ன தண்டனை?"

அவள் தன் வலக்கையைப் பார்த்தாள்.

"வலக்கையை வெட்டுவார்கள். உனக்கு அது, உன்னைப் பொய் சொல்ல வைத்தவன் என்று எனக்குக் கழு. வேறொருவருக்கு முடிசூட்டுமுன் விடிந்துவிடும், இரண்டு கரைக்கும் போர்" என்றான். "காசைக் கொடு. எல்லாரும் பார்க்கிறார்கள்."

கொடுத்தாள். விளிம்பில் பிடித்து, வழக்கம்போல. அவன் விரல்கள் அவள் விரல்களை ஒரு நொடி தீண்டின. அந்த ஒரு நொடிக்குப் பிறகு அவன் சபையை நோக்கித் திரும்பினான். முகத்தில் இருந்ததெல்லாம் உள்ளே போய்விட்டது. அரசனின் முகம் ஒன்றே மிஞ்சியது.

"வெள்ளாறு சாட்சி, இந்த முடிகாசு சாட்சி!" என்று அவன் குரல் விதானத்தில் எதிரொலித்தது. "தென்கரை வேந்தரின் திருமகளை என் பட்டத்தரசியாக ஏற்கிறேன். என் உயிருள்ளவரை அவரன்றி வேறொரு பெண்ணை என் இடப்பக்கத்தில் அமர்த்தேன். இது என் ஆணை!"

கடைசிச் சொற்களைச் சொல்லும்படி அமைச்சரும் வேண்டவில்லை, மரபும் வேண்டவில்லை. இன்னொருத்தியையும் மணக்க அரசர்க்குத் திறந்திருக்கும் கதவை அவன் யாருக்காகத் தானே அடைத்துத் தாழிட்டான் என்பது சபையில் ஒருத்திக்கு மட்டும் தெரிந்தது.

வாசகர்களே, காரிக்கோட்டையில் இன்னொரு வழக்கமும் உண்டு. புதிய அரசரை முதலில் வாழ்த்த வேண்டியவர் அமைச்சரல்லர், சேனாபதியல்லர்; காசை நன்று என்ற வண்ணக்கரே. அவர் வாய் திறக்கும்வரை முரசும் ஒலிக்காது, ஒருவரும் அசையார். மண்டபம் முழுதும் மூச்சடக்கி அவளைப் பார்த்தது. சாளரத்தில் வெயில் அவிந்து நிலவு மட்டும் இருந்தது. அவன் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

பூதிநங்கை இரு கைகளையும் தலைக்குமேல் கூப்பினாள்.

"இளங்கண்டர் வாழ்க!" என்றாள். குரல் நடுங்கவில்லை. "அரசியார் வாழ்க!"