கீறல் விழுந்துவிடும்

பல் துலக்கி முடித்ததும் அருமைநாயகம் பிடரியிலிருந்த மூடியைத் திருகிக் கழற்றி, விசிறியில் படிந்த செந்தூசியைப் பழைய பிரஷ்ஷால் தட்டினார். செவ்வாயில் குடியேறிய எல்லாரும் காலையில் செய்கிற வேலைதான். நம் முன்னோர் மேசைக்கடியில் வைத்துக் காலால் இடித்துக்கொண்டிருந்த கணினி, சுருங்கிச் சுருங்கி இப்போது மண்டைக்குள் ஏறிவிட்டது. எல்லாவற்றையும் இணைத்துப் பிடித்திருக்கும் தாய்ப்பலகை. அதன்மேல் கணக்குப் போடுகிற செயலி. அந்த நேரத்துக்கு வேண்டியதை மட்டும் கையில் வைத்திருக்கும் நினைவகம். ஆயுசுக்கும் சேர்த்து வைக்கிற வன்தட்டு. இத்தனைக்கும் சோறு போடுகிற மின்வழங்கி. சொந்த மூளையும் உள்ளேதான் இருந்தது. அதை யாரும் அதிகம் தொந்தரவு செய்வதில்லை.

அருமைநாயகத்தின் கவலை, தலை சூடாவது. கோபத்தால் அல்ல, கொஞ்சம் யோசித்தாலே செயலி கொதித்து, பாதிப் பேச்சில் உறைந்துவிடுவார். போன வாரம் மாப்பிள்ளை வீட்டாரிடம், "எங்க பொண்ணு ரொம்ப..." என்று தொடங்கியவர் திறந்த வாயோடு நின்றுவிட்டார். ரொம்ப என்னவென்று தெரியாமல் அவர்கள் காபியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார்கள்.

இன்னொரு முறை உறைந்தால் தலைக்குள் இருக்கிற அத்தனையையும் மாற்றியாக வேண்டும் என்று குடியேற்ற அலுவலகம் சொல்லிவிட்டது. பழைய வன்தட்டு புதிய தாய்ப்பலகைக்கு ஒத்துவராது. அதில் பதிந்த வாழ்க்கை அதோடு போய்விடும்.

"வன்தட்ட மாத்திட்டா நான் யாருன்னே உங்களுக்குத் தெரியாது," என்றாள் மனைவி ஜெபமணி.

"கல்யாணத்துக்கு முந்தி இருந்த மாதிரியா? அப்ப நிம்மதியாத்தான இருந்தேன்."

அவள் சிரிக்கவில்லை. அவருக்கும் உள்ளூரப் பயம்தான்.

இருவரும் பழுதுபார்க்கும் நிலையத்துக்கு நடந்தார்கள். ஊர்மேல் கவிழ்த்து மூடியிருந்த கண்ணாடிக் கூரை வழியே வானம் எப்போதும்போல மங்கலாகத் தெரிந்தது. அங்கங்கே வட்ட வட்டமாக வெண்மேகங்கள். செவ்வாயின் மேகங்கள் நகர்வதில்லை. ஊர் உண்டான நாளிலிருந்து இருந்த இடத்திலேயே இருக்கின்றன. நம்மவர்கள் சும்மா இருப்பார்களா? நகரா மேகத்தைப் பற்றி ஆண்டுதோறும் கவியரங்கம் நடத்துகிறார்கள்.

தமயந்தி அங்கே தலைப் பொறியாளர். தலைமைப் பொறியாளர் அல்ல; தலைகளைப் பார்க்கிற பொறியாளர். மூடியைக் கழற்றி ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

"மின்வழங்கி நல்லாருக்கு. நினைவகம் ஆடாம உக்காந்திருக்கு. வன்தட்டும் சுத்தம். செயலி..." குரல் சட்டென்று நின்றது. "சார், இதை மாட்டுன அன்னிக்கு முழிச்சிருந்தீங்களா?"

"கண்ணாடி வச்சுப் பாத்துக்கிட்டே இருந்தேன் மேடம். மாட்டுனவரு ஏதோ தாளைப் பிய்க்கப் போனாரு. புதுப் பொருளு, கீறல் விழுந்துடும், அப்படியே இருக்கட்டும்னு நான்தான் தடுத்தேன்."

தமயந்தி விளக்கைக் கிட்டே இழுத்து, விசிறிக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

செயலியின் சூட்டை வாங்கி விசிறியிடம் சேர்க்க ஒரு செப்புத் தகடு உண்டு. தகட்டின் அடியில் தொழிற்சாலை ஒட்டிய பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமலே செயலியின்மேல் வைத்து முடுக்கியிருந்தார்கள். மனிதர் இத்தனை நாளும் போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு யோசித்திருக்கிறார்.

"மண்டைக்குள்ள கீறல் விழுந்தா யாரு சார் பாக்கப் போறா?"

"நீங்க இப்பப் பாக்கிறீங்களே."

ஜெபமணி தலையில் அடித்துக்கொண்டாள். "மானம் போவுது."

"வீட்டுல சோபா உறையப் பிரிக்கவே கூடாதுன்னு சொன்னது யாரு?"

"அது சோபா. சாப்பாடு சிந்தும்."

தமயந்தி இடுக்கியால் உறையின் முனையைப் பிடித்து இழுத்தார். சர்ரென்று வந்தது. செயலியில் ஒரு கீறலும் இல்லை. அருமைநாயகத்துக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட. மூடியைப் பூட்டியதும் ஜெபமணி அவர் முகத்தருகே குனிந்தாள். கண்கள் நிறைந்திருந்தன.

"என்னைத் தெரியுதா?"

"எங்க பொண்ணு ரொம்பப் பொறுமைசாலி," என்றார் அவர், போன வாரம் விட்ட இடத்திலிருந்து. "அம்மா மாதிரி."

அவள் அழுதுகொண்டே அவர் தோளில் ஒன்று வைத்தாள். பிய்த்த உறையை அவர் மடித்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

வெளியே வந்தபோது தலை சில்லென்றிருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாகச் செயலி முழு வேகத்தில் ஓடியது. சும்மா மேலே பார்த்தார். நகராத மேகம். வட்டமான மேகம். அதற்குள் அடைபட்ட காற்று. வடக்கு ஓரத்தில், கூரைக்கு வெளியே, மேகத்தின் ஒரு முனை பிய்ந்து செம்புழுதிக் காற்றில் படபடத்தது. அதில் இடவலம் மாறிய எழுத்துகள். நிதானமாகக் கூட்டிப் படித்தார்: 'பொருத்திய பின் இவ்வுறையை நீக்கவும்.'

"ஜெபா, அது மேகமே இல்ல, உறைக்கடியில மாட்டிக்கிட்ட காத்து. ஊரைக் கட்டுனவங்க கூரைமேல ஒட்டியிருந்ததப் பிரிக்கல. வானம் மங்கலா இல்ல. நாமதான் பிளாஸ்டிக் வழியாப் பாத்துக்கிட்டு இருக்கோம்!"

ஜெபமணி அண்ணாந்து பார்த்தாள். பிய்ந்த முனை அவளுக்கும் தெரிந்தது. சட்டென்று அவர் கையைப் பிடித்தாள்.

"கத்தாதீங்க. எவனாவது ஏறிப் பிச்சிடப் போறான். உள்ள கண்ணாடி இன்னும் புதுசா இருக்கும்ல?"

அவர் யோசித்தார். செயலி துளியும் சூடாகவில்லை. முழு வேகத்தில், எல்லாக் கோணத்திலும், தீர யோசித்தார்.

"ஆமா," என்றார் குரலைத் தாழ்த்தி. "கீறல் விழுந்துடும்."