நானூற்றுப் பன்னிரண்டு அடி

நாற்பத்தொரு மணி நேரமாக அந்த வீட்டில் யாரும் சங்கரியோடு பேசவில்லை. முந்தாநாள் மதியம் ஒன்றரைக்கு, "இந்த வூட்ட விக்க நான் சம்மதிக்க மாட்டேன்" என்று அவள் சொன்னதிலிருந்து கணக்கு. இப்போது காலை ஆறரை. கொழுந்தன் மனைவி ஜீவிதாவின் அறை வாசலில் அவள் வைத்த காபி ஆடை படிந்து ஆறிக் கிடந்தது.

கோயிலுக்குப் பக்கத்துத் தெரு. பால் பூத், மருந்துக் கடை, மார்க்கெட் எல்லாமே செருப்பு மாட்டுகிற நேரத்தில் போய்வரும் தூரம். ஆனால் கார் நுழையாது. யாத்ரீகர் விடுதி கட்ட ஒருவர் கேட்டிருந்தார். வீட்டைக் கொடுத்தால் ஊர்க்கோடி ஓரிக்கையில் அண்ணன் தம்பி இருவருக்கும் பக்கத்துப் பக்கத்தில் வீடு. இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். சங்கரியின் கணவன் பஞ்சாட்சரம் தறியை விட்டு எழாமல், "அவளக் கேளு" என்று மட்டும் சொல்லியிருந்தான்.

"ஓரிக்கையில காத்து சும்மா பிச்சிக்கினு வருது," ஜீவிதா சுவரைப் பார்த்துச் சொன்னாள். "இங்க மூச்சு வுடணும்னாகூட பக்கத்து வூட்ல பர்மிஷன் கேக்கணும். சில பேருக்குப் புரிஞ்சாத்தானே!"

நாற்பத்திரண்டாவது மணியில் கொழுந்தன் இளங்கோவன் நேராகவே வந்து நின்றான்.

"அண்ணி, எங்கண்ணன் என் பேச்சத் தட்டினதே இல்ல. நீங்கதான் அவரத் தடுத்துக்கினு இருக்கீங்க. போன மாசம் அரக்குக் கரைக்குக் கருநீல நூல் சுத்தின தார்க்குச்சிய மாத்திக் குடுத்து ஒரு கல்யாணப் புடவையவே பாழ் பண்ணீங்க. அதுக்குக்கூட அவரு உங்கள ஒரு வார்த்த கேக்கல... அந்த நல்ல மனுஷன வச்சி எங்கள ஆட்டிப் படைக்கிறீங்களே, நியாயமா?"

புடவை பாழான அன்று, "நான்தான் தார மாத்திக் குடுத்துட்டேன்" என்று சங்கரியே முந்திக்கொண்டு சொல்லியிருந்தாள். மூன்று வருடம் முன்பு குமரகோட்டம் முருகன் கோயில் வாசலில் பஞ்சாட்சரம் அவள் கையை நீட்டச் சொல்லிச் சத்தியம் வாங்கினான். "யாருக்கும் தெரியக் கூடாது. தெரிஞ்சா நெய்யறதுக்குப் பாவு நூல் குடுக்கிற முதலாளிங்க நிறுத்திடுவாங்க. தம்பியும் என்னைத் தூக்கிச் சுமப்பான்."

சங்கரி உள்ளே போய்த் துணிகளை எடுத்து வைத்தாள். சிவப்புப் பையோடு வெளியே வந்தாள்.

"தாமல்ல எங்கக்கா வூட்டுக்குப் போறேன் தம்பி. உங்க கோவம் என்னோடயே வரட்டும். ஆனா... அவர மட்டும் இந்தத் தெருவ வுட்டுக் கூட்டிக்கினு போயிடாதீங்க."

"பாத்தீங்களா! போறப்பவும் கண்டிஷன்!" என்றாள் ஜீவிதா.

பையை வாசற்படியில் வைத்துவிட்டு, சாமி படத்தைக் கும்பிட சங்கரி உள்ளே திரும்பினாள்.

தெருவில் பஞ்சாட்சரம் கோயிலிலிருந்து வந்துகொண்டிருந்தான். இடக்கை விரல்கள் சுவரை ஒட்டி வந்தன. உதடு அசைந்தது. பேருக்கு ஏத்த மனுஷன், நடக்கிறப்பகூட அஞ்செழுத்து என்று தெருவே சொல்லும். ஜெபம் கெடக்கூடாது என்று எதிரில் வருபவர்கள் பேச்சுக் கொடுக்காமல் ஒதுங்குவார்கள்.

இரண்டு படி ஏறினான். பையில் கால் மாட்டியது. குப்புற விழுந்தான். விபூதிப் பொட்டலம் சிதறியது.

"இன்னாண்ணா!" இளங்கோவன் ஓடி வந்தான். "பட்டப்பகல்ல... இவ்ளோ பெரிய செவப்புப் பை..."

"நான்தான் தம்பி, நான்தான்!" சங்கரி பாய்ந்து வந்து கணவனைத் தாங்கினாள். "வழியில வச்சிட்டேன். என் தப்பு..."

பஞ்சாட்சரம் எழவில்லை. முழங்காலில் ரத்தம். அவன் விரல்கள் பையின் பிடியைத் தடவின, ஜிப்பைத் தடவின, உள்ளேயிருந்த புடவையின் ஓரத்தைத் தொட்டு நின்றன.

"எங்க கெளம்பின?"

அவளுக்கு அழுகைதான் வந்தது.

"போதும் சங்கரி. புடவைக்கும் நீதான், வூட்டுக்கும் நீதான், இப்ப பைக்கும் நீதானா?"

தம்பியின் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினான். ஆனால் இளங்கோவன் அதற்குள் இந்தப் பக்கம் வந்து குனிந்திருந்தான். பஞ்சாட்சரம் யாரும் இல்லாத தூணைப் பார்த்துப் பேசினான்.

"இளங்கோ... நான் வாய்க்குள்ள சொல்றது அஞ்செழுத்து இல்லடா. அடி எண்ணிக்கினு வரேன். கோயில்லேர்ந்து நம்ம வாசப்படிக்கு நானூத்திப் பன்னெண்டு. பால் பூத்துக்கு அறுவத்தேழு. ஓரிக்கையில எனக்கு ஒரு அடியும் தெரியாது..."

ஜீவிதாவின் கை தானாக நீண்டு சங்கரியின் தோளைப் பற்றியது. "அக்கா..." என்றாள்.

"அண்ணா, நான் இங்க இருக்கேன்," என்றான் இளங்கோவன். குரல் உடைந்திருந்தது.

பஞ்சாட்சரம் மெல்ல அந்தப் பக்கம் திரும்பினான்.

"எனக்குக் கண்ணு தெரியலடா. மூணு வருஷமாச்சு."