மைனஸ் இருபதில் பெரியவர்

குளிரறைக் கதவைத் திறந்த சுமைக்காரர் அலறவில்லை.

அலற வாய் வரவில்லை!

மீன் பெட்டிகளுக்கு நடுவே, கதவை ஒட்டி, முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் பெரியவர். கிடங்கின் முதலாளி. புருவத்தில் வெள்ளையாகப் பனி. மெல்லிய சட்டை. அறையின் குளிர் மைனஸ் இருபது.

உயிர் எப்போதோ போயிருந்தது.

மறுநாள் காலை பதினோரு மணி. கிடங்கு ஆபீஸ்.

மேஜைக்கு அந்தப் பக்கம் இன்ஸ்பெக்டர். நடுத்தர வயதுப் பெண். கண்ணாடியை மூக்கு நுனியில் நிறுத்தி, ஒரு கத்தைத் தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் செத்தவரின் மனைவி. கிடங்கில் சுமைக்காரரிலிருந்து லாரி டிரைவர் வரை எல்லாரும் அவளை 'அண்ணி' என்றுதான் கூப்பிடுவார்கள். சுவரோரம், அழுது வீங்கிய முகத்தோடு சின்னவர். பெரியவரின் தம்பி. அவளை அப்படிக் கூப்பிட உண்மையிலேயே உரிமை உள்ளவர் அவர் ஒருவர்தான்.

"நேத்து வார லீவு. சாயங்காலம் அந்தச் சுமைக்காரர் வர்ற வரைக்கும் கிடங்குல யாரும் இல்ல. சரிதானே?" இன்ஸ்பெக்டர் ஆரம்பித்தார்.

"ஆமா மேடம். லீவு அன்னைக்கு அவர் மட்டும் ஒன்பது மணிக்கு உள்ள போய் ஒரு பார்வை பாப்பார். அஞ்சு நிமிஷ வேலை. அதனால கோட்டு போடமாட்டார்."

"உள்ள மாட்டிக்கிட்டா?"

"சுவர்ல சிவப்பு பட்டன் இருக்கு. அழுத்தினா கதவு திறக்கும், சைரன் அடிக்கும்."

"நேத்து திறக்கல. அடிக்கவும் இல்ல. அந்த பட்டனை எது கவனிச்சுக்குது?"

அண்ணி மாடிப்படியைக் காட்டினாள்.

படிக்கு அடியில், துடைப்பத்துக்கும் பழைய காலண்டர்களுக்கும் பக்கத்தில், சாப்பாட்டு டப்பா அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி. லினக்ஸில் ஓடும் சர்வர் கம்ப்யூட்டர். கதவு, குளிர், விளக்கு, சைரன்... கிடங்கின் மொத்தக் குடுமியும் அதன் கையில்!

அதை நிறுவியவள் அண்ணி. ஐந்து வருடம் கட்டி மேய்த்தவளும் அவள்தான். பாஸ்வேர்டு வழியை அடைத்தாள். இன்டர்நெட்டில் வெளியே பார்த்த வாசல்களில் ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் மூடினாள். மூன்று தடவை தப்பாகத் தட்டுகிறவனை ஒரு நாள் முழுக்க வெளியே நிறுத்தினாள். உள்ளே நுழைய வேண்டுமானால் ரகசியச் சாவி வேண்டும். சாவி என்றால் இரும்புச் சாவி இல்லை. கம்ப்யூட்டரில் இருக்கும் ஒரு ஃபைல்.

"அந்தப் பூட்டு நல்ல பூட்டுதானா?"

"நான் போட்டது மேடம். யாராலயும் உடைக்க முடியாது."

சொல்லும்போது அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"சங்கடமா இருக்கு," என்றார் இன்ஸ்பெக்டர். "நேத்துக் காலை எட்டு அம்பத்திரண்டுக்கு ஒருத்தர் சர்வருக்குள்ள வந்திருக்கார். எதையும் உடைக்கல. சாவி போட்டு மரியாதையா வந்திருக்கார். எட்டு அம்பத்தெட்டுக்கு ஒரு ஃபைலை மாத்தியிருக்கார். பட்டன் அழுத்தினா கதவைத் திற, சைரன் அடி. அந்த ரெண்டு வரியும் காலி. சர்வர்ல மொத்தம் ரெண்டு பேர் சாவி இருக்கு. ஒண்ணு சின்னவரோடது. இன்னொண்ணு உங்களோடது."

தாளைத் திருப்பிக் காட்டினார்.

"வந்தது உங்க சாவி."

அவள் போட்ட பூட்டே அவள் கழுத்துக்குச் சுருக்காகிவிட்டது! பூட்டு மட்டம் என்று சொன்னால் தப்பிக்கலாம். சொல்ல மனசு வரவில்லை.

"என் சாவியை ஆறு மாசம் முன்னாடியே அழிச்சிருக்கணும் மேடம். வேலையிலேருந்து ஆளைத் தூக்கினா முதல் வேலையா சாவியைத் தூக்கணும்."

"ஆளைத் தூக்கினாங்களா? யாரு?"

"என் வீட்டுக்காரர். என்னை."

சின்னவர் தொண்டையைச் செருமினார். "அண்ணி ஒரு தப்புப் பண்ணிட்டாங்க மேடம். ஃபைல்ல எதையோ மாத்தப் போய் ஃப்ரீஸர் நின்னுபோச்சு. ரெண்டு லோடு மீன் நாறிடுச்சு. அதுலேருந்து சர்வரை நான் பாக்கறேன். அண்ணிக்கு அண்ணன் மேல கோவம் இருந்தது நெசம். இவ்வளவு தூரம் போவாங்கன்னு..."

மீதியை மென்று முழுங்கினார்.

கோபம்! அந்த வார்த்தை போதாது. அத்தனை சுமைக்காரர்களுக்கும் முன்னால் "அடுப்பங்கரையோட நிறுத்திக்க" என்று புருஷன் கத்தியதை அண்ணி இன்னும் ஜீரணிக்கவில்லை. ஐந்து வருடம் சம்பளம் இல்லாமல் உழைத்தவளுக்கு அதுதான் பிரிவுபசாரம்.

"உங்க சாவி எதுல இருக்கு?" இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"ஆபீஸ் லேப்டாப்ல. லீவு அன்னைக்கு அது எங்க வீட்டு ஹால்லதான் கிடக்கும். அதோட ரகசிய வார்த்தையை எழுதி, பொறுப்பை ஒப்படைச்ச அன்னைக்கே தம்பிகிட்ட குடுத்துட்டேன்."

"அந்தத் தாளை அன்னைக்கே கிழிச்சுட்டேன்," என்றார் சின்னவர். "உங்களுக்குத்தான் அந்த வார்த்தை மனப்பாடமாச்சே அண்ணி."

"நேத்துக் காலையில எங்கே இருந்தீங்க?" என்று அவளைப் பார்த்துக் கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"பக்கத்து வீடு எங்க வீடுதான். கீழ துணி மடிச்சுட்டு இருந்தேன்."

"சாட்சி?"

"துணிதான்."

"நீங்க?"

"மாடியில தூங்கிட்டு இருந்தேன் மேடம்," என்றார் சின்னவர்.

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். அந்தச் சத்தத்துக்கு அர்த்தம் அண்ணிக்குப் புரிந்தது. இன்னும் பத்து நிமிடத்தில் ஜீப். அப்புறம் ஊர் முழுக்க ஒரே பேச்சு... புருஷனை மீன் மாதிரி உறைய வைத்தவள்!

"ஒரு தடவை சர்வரைப் பாக்கலாமா மேடம்?"

"கை வைக்கக் கூடாது."

"வைக்க மாட்டேன். தம்பி திறந்து காட்டட்டும்."

சின்னவர் லேப்டாப்பைத் திறந்தார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடின. கதவு ஃபைல் இருக்கும் இடத்தைக் காட்டச் சொன்னாள் அண்ணி. அங்கே இரண்டு பெயர்கள். ஒன்று கதவு ஃபைல். இன்னொன்று அதன் நகல். நகலின் பெயருக்கு வாலாக நேற்றைய தேதி, ஒரு கோடு, கடைசியில் 'ஓகே'.

நகல் எடுத்த நேரம் எட்டு ஐம்பத்தாறு.

அண்ணி அந்த வாலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி, இந்த ஃபைலை நீங்க இதுக்கு முன்னாடி தொட்டிருக்கீங்களா?"

"இல்லவே இல்ல அண்ணி. கதவு நல்லாத்தானே இருந்தது."

"மேடம், கதவு இன்னும் அதே நிலைமையிலதான் இருக்கு. சாயங்காலம் லாரி வருது. ஆள் உள்ள போய் மாட்டிக்கிட்டா அடுத்த பொணம். உங்க ஆளுங்க சர்வரை முழுசா நகல் எடுத்துட்டாங்க இல்ல? தம்பியை அந்த ரெண்டு வரியைச் சரி பண்ணச் சொல்லுங்க."

இன்ஸ்பெக்டர் ஒரு கணம் யோசித்தார். தலையை ஆட்டினார்.

சின்னவர் விறுவிறுவென்று தட்டினார். வேலை தெரிந்த விரல்கள். முதல் கட்டளை. அடுத்தது. ஃபைல் திறந்தது. இரண்டு வரிகளும் உயிர் பெற்றன. மூடினார்.

"முடிஞ்சுது."

"இப்ப மறுபடியும் அந்த லிஸ்டைக் காட்டுங்க," என்றாள் அண்ணி.

காட்டினார்.

இரண்டு பெயர்கள் இருந்த இடத்தில் இப்போது மூன்று! புதிதாக ஒரு நகல். வாலில் இன்றைய தேதி, ஒரு கோடு, 'ஓகே'.

சின்னவரின் விரல்கள் சாவிப்பலகை மேலேயே நின்றுவிட்டன.

"எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க," என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஒழுங்கா வேலை கத்துக்கிட்டவங்க எந்த ஃபைலை மாத்தறதுக்கு முன்னாடியும் பழசை ஒரு நகல் எடுத்து வச்சுப்பாங்க மேடம். யோசிச்சுப் பண்றது இல்ல. கை தானாப் பண்ணும். பேரை மட்டும் ஆளாளுக்கு ஒரு மாதிரி வைப்பாங்க. தேதி போட்டு ஓகேன்னு முடிக்கறது தம்பி பழக்கம். இப்ப உங்க கண்ணு முன்னாடியே முடிச்சார். நேத்தும் அப்படித்தான் முடிச்சிருக்கார்."

"நீங்களும் அதே மாதிரி எடுத்திருக்கலாமே?"

அண்ணி சிரித்தாள். வேப்பங்காய்ச் சிரிப்பு.

"அஞ்சு வருஷத்துல ஒரு நகல்கூட எடுக்காதவ மேடம் நான். எடுத்திருந்தா அந்த ரெண்டு லோடு மீன் நாறியிருக்காது. என்னைத் துரத்தினதே அதுக்குத்தான். வேணும்னா சர்வர் முழுக்கத் தேடிப் பாருங்க."

இன்ஸ்பெக்டர் மெதுவாகச் சின்னவர் பக்கம் திரும்பினார்.

"கொலை பண்ண வந்த இடத்துலகூட பழைய ஃபைலைப் பத்திரமா எடுத்து வச்சீங்களா?"

சின்னவர் முகம் பேயறைந்த மாதிரி ஆனது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். அழுகைதான் வந்தது. இந்தத் தடவை நிஜ அழுகை.

"கிடங்கை விக்கப் போறேன்னாரு. என்னை ஒரு வார்த்தை கேக்கல. நீ எங்கயாவது வேலை தேடிக்கடான்னாரு. கொஞ்ச நேரம் பயந்து நடுங்கட்டும்னுதான் மேடம்... கொல்லணும்னு இல்ல..."

"பயமுறுத்த வந்தவர் எதுக்கு உங்க அண்ணி சாவியில வந்தீங்க?"

சின்னவர் லேப்டாப்பை மூடினார்.

வாசலில் நின்ற கான்ஸ்டபிள் அவர் தோளைப் பிடித்தார். போகிற போக்கில் சின்னவர் ஒரே ஒரு தடவை திரும்பினார்.

"மன்னிச்சிருங்க அண்ணி."

"நீங்க போங்க தம்பி," என்றாள் அவள்.

ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டது.

அண்ணி எழுந்தாள். புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். பிழைத்துவிட்டோம் என்று மனசு சொன்னது. அதை நம்பக் கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

"உக்காருங்கம்மா. இன்னும் ஒரு தாள் பாக்கி இருக்கு."

இன்ஸ்பெக்டர் கத்தையின் அடியிலிருந்து கடைசித் தாளை உருவினார்.

"சின்னவர் ரெண்டு வரியைத்தான் அணைச்சார். இன்னொரு ஃபைல்ல மூணாவதா ஒரு வேலை இருந்தது. அவருக்கு அது தெரியவே தெரியாது. பட்டன் அழுத்தினா ஒரு ஃபோனுக்கு மெசேஜ் போகும். 'குளிரறைக்குள் ஆள். உடனே திறக்கவும்.' அந்த வாசகம் யார் எழுதினது?"

அண்ணி மெதுவாக உட்கார்ந்தாள்.

"முதல் மெசேஜ் ஒன்பது பதினாலுக்குப் போயிருக்கு. கடைசி மெசேஜ் பதினொண்ணு நாப்பதுக்கு. மொத்தம் இருபத்து மூணு. ரெண்டரை மணி நேரம் அந்த மனுஷன் பட்டனை அழுத்திக்கிட்டே இருந்திருக்கார். ஆறு மாசமா யாரும் அந்த நம்பரை மாத்தல. அது உங்க நம்பர்."

இன்ஸ்பெக்டர் தாளை அவள் பக்கம் தள்ளினார்.

"பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"எத்தனை?"

"இருபத்து மூணும்."

"பக்கத்து வீடு. எழுந்து வந்திருந்தா ரெண்டு நிமிஷம். வெளியிலேருந்து கைப்பிடியைத் திருப்பினா போதும். ஏம்மா வரல?"

அண்ணியின் கண்ணில் தண்ணீர் நின்றது. வழியவில்லை. துணி மடித்தது உண்மைதான். ஒவ்வொரு மெசேஜுக்கும் ஒரு துணியைப் பிரித்து, மறுபடி மடித்தாள். பத்தாவது மெசேஜில் எழுந்து வாசல் வரை போனாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். அவளுக்கே அவளைப் பிடிக்கவில்லை.

"கிடங்குல தீப்பிடிச்சாலும் நீ அந்தப் பக்கம் எட்டிப் பாக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தார் மேடம்."

"அதனால?"

"கல்யாணமாகிப் பதினாலு வருஷம். ஒரு பேச்சாவது கேக்கறியான்னு தினமும் திட்டுவார்... நேத்துதான் கேட்டேன்."