தளைப்பிடி

ஐப்பசி வெள்ளம் வடிந்து, பெண்ணையாறு தன் வெண்மணல் திட்டுகளை ஒவ்வொன்றாக வெளிக்காட்டத் தொடங்கியிருந்த மார்கழி மாதத்து மாலை அது. மேற்கே வெண்குன்றக் கோட்டையின் மதில்களுக்குப் பின்னால் கதிரவன் மறைந்து, அவன் விட்டுச் சென்ற செம்மை நீர்ப்பரப்பில் இன்னும் கரையாமல் கிடந்தது. கிழக்கே பனந்தோப்புக்கு மேலாக ஏறிவிட்ட வளர்பிறை நிலவோ, அந்தச் செம்மையின் மேல் தன் வெள்ளியை மெல்ல மெல்லப் பூசிக்கொண்டிருந்தது. கொக்குகள் கூட்டங்கூட்டமாகத் தென்கரை நாணற்காட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தன.

இத்தனை அழகும் கண்முன்னே விரிந்து கிடக்க, அதில் எள்ளளவும் மனம் பற்றாதவனாய், கரையோரத்து மருதமரம் ஒன்றின் பின்னால் ஒரு மனிதன் மறைந்து நின்றான். அகன்ற மார்பும், தூண் போன்ற தோள்களும், பலமுறை அடிபட்டுத் தடித்துப்போன காதுகளும் அவன் தொழில் இன்னதென்பதைச் சொல்லாமற் சொல்லின. வெண்குன்றத்தரையரின் மற்களத்துக்குத் தலைவன் அவன், படைத்தலைவர்க்குரிய ஏனாதிப் பட்டம் பெற்றவன், பெயர் கலிநாகன். ஒன்பது ஆண்டுகளாக அவன் முதுகு மண்ணைத் தொட்டதில்லை. ஆற்றின் நடுவே மணல்திட்டை நோக்கிச் சென்றுகொண்டிருந்த ஓர் ஓடத்தின் மேல்தான் அவன் பார்வை பதிந்திருந்தது. அது இளவரசி கொற்றி நங்கையின் ஓடம்.

திட்டின் மேலிருந்த கொற்றவை கோயிலில் விளக்கேற்ற இளவரசி மாலைதோறும் செல்வது ஊரறிந்த செய்தி. ஆனால் அவள் போன சற்று நேரத்துக்கெல்லாம் தாயன் என்பவன் வடகரையிலிருந்து நீந்தி அதே திட்டில் ஏறுவதைக் கலிநாகன் ஒருவனே அறிந்திருந்தான். இதற்கு முன் மூன்று மாலைகள் அவன் அதைப் பார்த்துவிட்டான்.

அன்புள்ள வாசகர்களே, ஒளிந்து நின்று ஒரு பெண்ணின் போக்குவரத்தை வேவு பார்க்கும் இவனை நீங்கள் இப்போதே வெறுத்துவிட வேண்டாம். நான்கு நாட்களுக்கு முன்பு நடந்ததைக் கேட்டால், அவன் நெஞ்சில் மூண்ட தீ எப்படிப்பட்டதென்பது உங்களுக்கும் விளங்கும்.

பெண்ணையின் தென்கரையிலுள்ள பத்து ஊர்கள் யாருக்கு உரியவை என்பதில் வெண்குன்றத்துக்கும் கருங்கோட்டைக்கும் தீராத வழக்கு இருந்தது. ஒருமுறை போரில் தோற்ற வெண்குன்றத்தரையர், சமாதானத்துக்குப் பிணையாகத் தம் மகளையே கருங்கோட்டைக்கு அனுப்ப நேர்ந்தது. பதினான்கு வயதில் சென்ற கொற்றி நங்கை ஐந்து ஆண்டுகள் அங்கே இருந்து, சென்ற ஆடியில்தான் திரும்பி வந்தாள். இனிப் படை மோத வேண்டாம், தைப்பூசத்தன்று ஆளுக்கொரு மல்லனை எல்லையில் இறக்கி வழக்கைத் தீர்த்துக்கொள்வோம் என்று இரு மன்னர்களும் உடன்பட்டிருந்தார்கள். கருங்கோட்டையின் மல்லன் உதிரன், விரல்களில் எருமைக்கொம்புக் கவசம் பூட்டிக் குத்துபவன். அவனோடு பொருதிய இருவர் களத்திலேயே மாண்டிருந்தனர்.

கலிநாகனைத் தவிர வேறொருவனை வெண்குன்றம் அனுப்பும் என்று எவரும் நினைக்கவில்லை. அந்த நிலையில்தான், இளவரசியின் பல்லக்கோடு வழியில் வந்து சேர்ந்தவன் என்று மட்டுமே அறியப்பட்ட தாயன், அரையரின் முன்னிலையில் அவனோடு மற்போர் செய்ய அனுமதி கேட்டான். அரையர் சிரித்துக்கொண்டே இசைந்தார்.

கலிநாகன் அவனைத் தூக்கி எறிய மூன்று மூச்சு நேரம் கூட ஆகவில்லை. தாயனின் முதுகு மண்ணில் பட்டது, கூட்டம் ஆர்ப்பரித்தது. ஆனால் வீழ்ந்தவன் எழவில்லை. கிடந்தபடியே கலிநாகனின் வலக்கையைப் பற்றித் தன் இரு கால்களையும் அவன் தோளின் மேல் போட்டுப் பின்னிக்கொண்டான். முழங்கை மூட்டு எதிர்ப்புறமாக வளைந்தது. ஒன்பது ஆண்டுகளில் முதன்முறையாகக் கலிநாகன் வாய்விட்டு முனகினான். அரையர் கோலை உயர்த்திப் போரை நிறுத்தினார்.

"முதுகு மண்ணில் பட்டவன் தோற்றவன். இதுதானே நம் மற்களத்து முறை, பெருமானே?" என்றான் கலிநாகன், கையைத் தேய்த்துக்கொண்டே.

"முறைப்படி நீயே வென்றாய், கலிநாகா" என்றார் அரையர்.

அப்போது மேன்மாடத்திலிருந்து இளவரசியின் குரல் கேட்டது. "எல்லையில் நடக்கப்போகும் போருக்கு அந்த முறை இல்லையே, தந்தையே? அங்கே வீழ்ந்தவன் எழாமற் போகும்வரை உதிரன் குத்திக்கொண்டிருப்பான். அந்தக் களத்தில் இவ்விருவரில் எழுந்து நின்றிருப்பவர் யார்?"

எவரை அனுப்புவதென்று ஐந்தாம் நாள் காலையில் அறிவிப்பதாகச் சொல்லி அரையர் எழுந்துவிட்டார். கலிநாகன் மேன்மாடத்தை நிமிர்ந்து பார்த்தான். இளவரசியின் பார்வை தாயன் மேல் இருந்தது. அவள் உதட்டில் ஒரு புன்னகையும் இருந்தது. அவள் சிறுமியாய் இருந்த நாளில் தன் ஒவ்வொரு வெற்றிக்கும் கைகொட்டியவள், திரும்பி வந்தபின் ஒருமுறையேனும் தன்னை நோக்கிப் புன்னகைக்கமாட்டாளா என்று ஐந்து மாதங்களாக அவன் காத்திருந்த அதே புன்னகை அது.

அன்றிலிருந்து அவன் உண்ணவில்லை, உறங்கவில்லை. தாயன் அழகனா? இல்லை. குலத்தில் உயர்ந்தவனா? அதுவும் இல்லை. அவனுடைய கணுக்கால்களைச் சுற்றி விலங்கு பூட்டிய தழும்பு இருந்ததை மட்டும் கலிநாகன் கண்டுவைத்திருந்தான். அவன் கருங்கோட்டையின் ஒற்றனாக இருக்க வேண்டும். இருக்க வேண்டும் என்பதைவிட, இருந்துவிட்டால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்றே அவன் மனம் ஏங்கியது.

ஓடம் திட்டை அடைந்தது. சற்றைக்கெல்லாம் வடகரையில் நீர் சலசலக்கும் ஓசையும் கேட்டது. நாளை விடிந்தால் அரையர் பெயரை அறிவித்துவிடுவார். கலிநாகன் மேலாடையைக் களைந்து வீசிவிட்டு ஆற்றில் இறங்கினான்.

மார்கழி நீரின் குளிர் அவன் நெஞ்சின் கொதிப்பைச் சிறிதும் தணிக்கவில்லை. நாணல்களை விலக்கிக்கொண்டு கோயிலின் பின்புறத்தை எட்டிப் பார்த்தவன் திகைத்துப் போனான். நிலவொளியில் மணலின் மேல் இருவர் கட்டிப் புரண்டுகொண்டிருந்தனர். ஒருவன் தாயன். மற்றவன் கச்சை கட்டி, தலைப்பாகையால் முகத்தையும் பாதி மறைத்திருந்த ஒல்லியான இளைஞன். இளவரசியை எங்கும் காணவில்லை.

"கருங்கோட்டையில்..." என்று தாயன் ஏதோ சொல்லத் தொடங்கியது மட்டும் காற்றில் வந்தது.

அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது. ஒற்றனும் அவனைத் தேடி வந்த தூதனும்! இளவரசி ஏமாற்றப்பட்டிருக்கிறாள். கலிநாகனின் உள்ளம் களிப்பால் துள்ளியது. அவன் நாணலிலிருந்து பாய்ந்தான்.

தாயன் அவனைக் கண்டதும் விலகி நின்றுகொண்டான். ஓடவும் இல்லை, எதிர்க்கவும் இல்லை. இளைஞனோ மணலில் அப்படியே மல்லாந்து சாய்ந்தான். பயந்து விழுந்தான் என்றெண்ணிக் கலிநாகன் குனிந்து அவன் கழுத்தைப் பற்றினான். மறுகணம் இரண்டு கால்கள் மலைப்பாம்பு போல அவன் கழுத்தையும் ஒரு கையையும் சேர்த்துச் சுற்றிக்கொண்டன. இழுக்க இழுக்கச் சுற்று இறுகியது. தன் தோளே தன் கழுத்தை நெரிப்பதை உணர்ந்தான் அவன். நிலவு கண்ணெதிரே கறுத்தது. இதுவரை எவரிடமும் செய்யாததை அவன் செய்தான்: மணலில் உள்ளங்கையால் இருமுறை தட்டினான்.

சுற்று தளர்ந்தது. இருமிக்கொண்டே அவன் நிமிர்ந்தபோது, எதிரே அமர்ந்திருந்தவரின் தலைப்பாகை அவிழ்ந்து, நீண்ட கூந்தல் தோளில் சரிந்திருந்தது.

"தேவி" என்றான் கலிநாகன்.

"நல்லவேளை, தட்டினீர்" என்றாள் கொற்றி நங்கை, மூச்சு வாங்க. "இன்னும் சற்று நேரம் வீம்பு பிடித்திருந்தால் மயங்கியிருப்பீர், ஏனாதியாரே. மூன்று நாளாக மருதமரத்தின் பின்னால் நின்றவர் இன்று ஏன் வந்தீர்?"

அவன் முகம் வெந்தது. "இவன் உங்களுக்குக் கற்றுக்கொடுத்தானா?"

தாயன் சிரித்துவிட்டான். "நானா? நல்லா கேட்டீங்க ஐயா. இந்தப் பிடிக்கு அவங்கதான் தாய். நான் பார்த்துப் படிச்சவன்."

கொற்றி நங்கை மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். "பிணையாகப் போன இளவரசியைக் கருங்கோட்டையில் எப்படி வைத்திருந்தார்கள் என்று இங்கே எவரும் என்னைக் கேட்கவில்லை. போரில் சிறைபிடிக்கப்பட்ட எட்டுப் பெண்களோடு ஒரு கொட்டிலில் இருந்தேன். பொழுது சாய்ந்தால் இரு கால்களையும் சேர்த்துத் தளை பூட்டுவார்கள். எழுந்து நிற்க முடியாது. காவலர்களில் சிலர் குடித்துவிட்டு வருவார்கள். நிற்க முடியாதவளுக்குத் தரைதானே களம்? ஒருவன் கவிழ்ந்து வரும்போது அவன் எடையை அவன் மேலேயே திருப்புவது எப்படி என்று பகலெல்லாம் ஒருத்தி மேல் ஒருத்தி பழகிப் பார்த்தோம். முதலில் கையை மடக்கினோம். பிறகு தளையையே கழுத்தில் மாட்டினோம். தளை இல்லாதபோது கால்களையே தளையாக்கக் கற்றோம். அதனால் தளைப்பிடி என்று பெயர் வைத்தோம். இரண்டு காவலர்களின் கை முறிந்தபிறகு எவனும் உள்ளே வரவில்லை."

"எதிர்க்கொட்டில்ல யானைக்குத் தழை போடுற அடிமை நான்" என்றான் தாயன். "எனக்கும் கால்ல விலங்குதான். அங்கிருந்து பார்ப்பேன். அவங்க வீடு திரும்பின அன்னிக்கு விலங்கை அறுத்துக்கிட்டு, பல்லக்குத் தூக்குறவங்களோட கலந்து தப்பி வந்தேன்."

கலிநாகன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். அவர்கள் பகிர்ந்துகொண்ட அந்த ஐந்து ஆண்டுகளில் தனக்குச் சிறிதும் இடமில்லை என்ற எண்ணம் முன்னிலும் கூர்மையாகக் குத்தியது. "அப்படியானால் உதிரனோடு பொருத இவனையே அனுப்பச் சொல்லுங்கள். அதற்குத்தானே இத்தனையும்?"

"எல்லைக் களத்தில் கால் வைத்த கணமே தப்பியோடிய அடிமை என்று இவனைப் பிடித்துக்கொள்வார்கள். இவனை எப்படி அனுப்புவது? போகப் போகிறவர் நீர்தான். இது தந்தைக்கும் தெரியும். தாயன் உம்மோடு மோதியதும், தந்தை உடனே பெயர் சொல்லாததும், நிற்கத் தெரிந்தால் மட்டும் போதாது என்று உமக்கு உணர்த்துவதற்காக. பருத்த உடலுக்கு இந்தப் பிடி எப்படிப் பொருந்தும் என்று மாலைதோறும் இங்கே நாங்கள் பார்த்துக்கொண்டிருப்பதும் உமக்காகத்தான்."

"என்னிடமே சொல்லியிருக்கலாமே?"

"கொட்டிலில் பெண்கள் கண்ட பிடியைக் கற்க வாரும் என்று அழைத்திருந்தால் வந்திருப்பீரா?"

கலிநாகன் ஆற்றைப் பார்த்தான். பொய் சொல்ல அவனுக்கு வாய் எழவில்லை.

"வந்திருக்க மாட்டேன்" என்றான்.

"இப்போது?"

"நாளை மாலை வருகிறேன்."

அவன் வந்தான், முப்பது மாலைகள் வந்தான். கீழே கிடந்து போரிடக் கற்பது, நின்றே வென்று பழகியவனுக்கு எத்தனை கொடிய பாடம் என்பதை அந்த மணல்திட்டு அறியும். நாள்தோறும் அவன் தோற்றான். ஆயினும் பத்தாம் நாள், தானே வேண்டுமென்று விழும்போது எதிரியையும் இடுப்போடு இழுத்துக்கொண்டு விழும் உத்தியை அவன் கண்டான். கொட்டிலில் எவரும் அறியாத உத்தி அது, ஏனென்றால் அங்கே எவராலும் நிற்க முடிந்ததில்லை. அன்று கொற்றி நங்கை "நன்று" என்றாள். தாயனோடு பேசும்போது அவள் பாதிச் சொல்லிலேயே நிறுத்திவிடுவாள். மீதி அவனுக்குப் புரியும். தன்னிடம் மட்டும் எல்லாவற்றையும் முழுவதுமாகச் சொல்கிறாளே என்று கலிநாகன் அன்றும் உள்ளுக்குள் வெந்தான்.

புறப்படும் முன்மாலை அவள் சொன்னாள்: "வென்றபின் இந்தப் பிடி உம் பெயரிலேயே வழங்கட்டும், ஏனாதியாரே. எனக்கு அந்தப் பத்து ஊர்கள் போதும்."

தைப்பூசத்தன்று பிற்பகல், எல்லைக்கல்லுக்கு அருகே இரு நாட்டுப் படைகளும் எதிரெதிரே நின்றன. வெண்குன்றத்தரையரின் கூடாரத் திரைக்குப் பின்னால் இளவரசி இருந்தாள். உதிரனின் முதற்குத்து கலிநாகனின் புருவத்தைக் கிழித்தது. இரண்டாவது விலா எலும்பில் விழுந்தது. மூன்றாவது குத்துக்காகக் கை ஓங்கிய வேளையில் கலிநாகன் அவன் இடுப்பைத் தழுவிக்கொண்டு, தானே முதுகு படும்படி மண்ணில் சாய்ந்தான். கருங்கோட்டைப் படை கூத்தாடியது. வெண்குன்றத்தார் பலர் முகத்தை மூடிக்கொண்டனர். ஆனால் ஆரவாரம் அடங்குவதற்குள் உதிரனின் ஓங்கிய கை அவன் தலையோடு சேர்ந்து கலிநாகனின் கால்களுக்கு நடுவே சிக்கியிருந்தது. கொம்புக் கவசம் வெறும் காற்றைக் குத்திற்று. பிறகு அதே கை தளர்ந்து மண்ணைத் தட்டியது. கலிநாகன் அவனை விட்டுவிட்டான். உதிரன் பொருதிய களத்தில் இருவரும் உயிரோடு எழுந்து நின்றதை அன்றுதான் கண்டார்கள்.

கருங்கோட்டை மன்னன் தன் ஆசனத்திலிருந்து எழுந்து வந்தான். "ஊர்கள் உங்களுடையவை. ஆனால் கிடந்தபடி வெல்லும் இந்த வித்தையை நான் எங்கும் கண்டதில்லை. இதை உண்டாக்கியவன் யார், மல்லனே? நீயா?"

வாசகர்களே, அந்தக் கணத்தில் கலிநாகன் தயங்கினான் என்பதை மறைப்பதற்கில்லை. ஆம் என்ற ஒரு சொல் போதும். தலைமுறைகளுக்கு அவன் பெயரே நிற்கும். அவளே அதற்கு இசைந்திருக்கிறாள். தாயனும் வாய் திறக்க மாட்டான். புருவத்து இரத்தம் கண்ணில் வழிய, அவன் திரும்பிக் கூடாரத் திரையைப் பார்த்தான்.

"ஐந்து ஆண்டுகள் உங்கள் கொட்டிலில் தளையோடு கிடந்தவர், மன்னவா. உங்கள் இரும்புதான் அவருக்கு இதைக் கற்பித்தது. என் ஆசிரியை வெண்குன்றத்து இளவரசி கொற்றி நங்கை."

திரையை விலக்கிக்கொண்டு கொற்றி நங்கை வெளியே வந்தாள். அவள் கலிநாகனையும் பார்க்கவில்லை, வெண்குன்றப் படைக்குள் தாயன் மறைந்து நின்ற பக்கமும் பார்க்கவில்லை. நேரே நடந்து வந்து கருங்கோட்டை மன்னனின் எதிரே நின்று அவன் கண்களைப் பார்த்தாள். அவன் தலை தாழ்ந்தது.

"மற்ற எட்டுப் பெண்களும் நாளை மாலைக்குள் பெண்ணைக்கரைக்கு வந்து சேர வேண்டும்" என்றாள் அவள்.

"வருவார்கள்" என்றான் அவன், நிலத்தைப் பார்த்தபடியே.

கலிநாகனின் நெஞ்சிலிருந்து பொறாமை அன்றோடு அகன்றுவிட்டது என்று நாம் சொல்ல மாட்டோம். ஆனால் அவன் அந்த மண்ணில் மண்டியிட்டு, இரு உள்ளங்கைகளையும் தரையில் பதித்து, இரண்டு படைகளும் கேட்கும்படி உரத்த குரலில் சூளுரைத்தான்:

"இன்று முதல் என் மற்களத்தில் கால் வைப்பவன் எவனாயினும், முதலில் இந்தப் பிராட்டியின் பெயரையும் அந்த எட்டுப் பெண்களின் பெயர்களையும் சொல்லி மண்ணைத் தொட்டு வணங்கிய பின்பே பிடி கற்பான். நான் உயிரோடிருக்கும்வரை இதில் ஒரு பெயரும் விடுபடாது."