ஐந்தாம் தடம்

காலை ஒன்பது மணிக்குள், ஒவ்வொரு ஒலியையும் தனித்தடத்தில் பதியும் புதிய பல்தடப் பதிவியை ஸ்டுடியோவில் இணைத்தாக வேண்டும். எட்டு மைக் கேபிள்களை வரிசையாகச் செருகினேன். எட்டு வெளியீடுகளையும் மிக்ஸருக்குக் கொண்டுபோனேன். கடைசியாக, சட்டப்படி கட்டாயமான பூட்டுக் கேபிள். அதைச் செருகியதும் ஸ்பீக்கரில் உர்ரென்று ஓர் இரைச்சல். இருபது வருஷமாக ஒலிப்பதிவு செய்கிறவள் இரைச்சலைக் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பேனா? பிடுங்கிப் போட்டேன், நின்றது. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

கோரஸ் பாட அல்லியும் அவள் கணவர் இன்பராஜும் வந்தார்கள். பாடி முடித்ததும் வழக்கம்போல இருவரும் ஊமையானார்கள். இன்பராஜ் சிலேட்டில், 'மேடம், டீ சொல்லட்டுமா?' என்று எழுதிக் காட்டினார்.

பெற்ற தாய் போனில் கூப்பிட்டாலும் நம்ப முடியாத அளவுக்குக் கள்ளக்குரல்கள் பெருகிய பிறகு வந்தது ஒற்றைக்குரல் சட்டம். ஒருவரின் குரல் ஒரே இடத்தில்தான் இருக்கலாம், நகல் கூடாது. ஒன்று, தொண்டையில் பதித்த குரல்மணியில் இருக்கும். இல்லையென்றால் பதிவியின் தடத்தில் இருக்கும். பாட்டை முடித்து, அதிலிருந்து குரலை யாரும் பிரித்தெடுக்க முடியாதபடி முத்திரை வைத்ததும் குரலைத் தொண்டைக்குத் திருப்பி ஏற்றிவிடுவோம். அரை மணி நேர மௌனத்தை யாரும் பெரிதாக நினைப்பதில்லை.

அன்று இசையமைப்பாளர் எட்வின் கூடுதலாக ஒரு வயலின் கேட்டார்.

"தடம் காலி இல்லியே சார்."

"ஏதாவது ரெண்டைச் சேர்த்து ஒண்ணாக்கிடுங்க ஜெசிந்தா. உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். சட்டத்துக்கு முன்பு தினமும் செய்த வேலை. கை தன்பாட்டில் ஆறாம் தடத்தை ஐந்தோடு சேர்த்தது. அப்புறம்தான் உறைத்தது. ஐந்தில் இருந்தது அல்லி, ஆறில் இருந்தது இன்பராஜ். மனிதக் குரல்களைக் கலக்கவிடாமல் தடுத்திருக்க வேண்டிய பூட்டுக் கேபிள் தரையில் கிடந்தது.

பழைய தடங்களைத் தேடினேன். குரல் இடம் மாறியதும் பதிவியே பழையதைத் துடைத்துவிடும், சட்டம் அப்படி. ஒரு மூச்சுக்கூட மிச்சமில்லை.

"ரெண்டு குரலும் ஒண்ணாயிடுச்சு," என்றேன் அவர்களிடம். "பிரிக்க முடியாது. ஒருத்தர் தொண்டைக்குத்தான் ஏத்தலாம். என்னை மன்னிச்சிடுங்க."

இன்பராஜ் சிலேட்டில் 'அவளுக்கு' என்று எழுதினார். அல்லி பிடுங்கி அழித்துவிட்டு 'அவருக்கு' என்று எழுதினாள். அவர் அதை அழித்தார். சிலேட்டை மறுபடி அவள் கையில் கொடுக்கவில்லை. அவள் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார்.

ஏற்றினேன்.

"என்னங்க..."

ஒரே வாயிலிருந்து அவளும் அவரும் சேர்ந்து கூப்பிட்டார்கள். இன்பராஜ் சுவரோடு ஒட்டிப்போனார். எட்வின் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அல்லி தன் வாயை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து அவள் போன் அடித்தது. அவர்களின் மகள், ஏழு வயது, பள்ளி விடுதியிலிருந்து. அல்லி வேண்டாமென்று தலையை ஆட்டினாள். இன்பராஜ்தான் போனை எடுத்து அவள் வாயருகே பிடித்தார்.

"கண்ணு... சாப்ட்டியா?"

"யாரு பேசுறது?" என்றாள் சிறுமி. "எங்கம்மா எங்க? அப்பாவை என்ன பண்ணீங்க?"

"அம்மாதான்டா..."

தெரியாத குரல் அம்மா என்று சொன்னால் உடனே துண்டிக்க வேண்டும் என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அவள் அப்படியே செய்தாள்.